ஞாயிற்றுக்கிழமைக் காற்று

ஒரு மருந்துத் தொழிற்சாலையில், மாத்திரை செய்யும் அறைக்குச் சுத்தமான காற்றை அனுப்ப ஒரு ராட்சத ஃபேன் இருந்தது. அறையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரே வேகத்தில்தான் சுற்றும். அந்தக் காற்றை வெதுவெதுப்பாக்க பாய்லர் ஓயாமல் எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய்லர் பொறுமை இழந்தது. “உள்ளே ஈ காக்கா கூட இல்லை. யாருக்காக இந்த ஓட்டம்? என் புகையில் வானமே சூடாகிறது. இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு தெரியாமல் விடமாட்டேன்.”

“மாத்திரையில் தூசி விழுந்தால் நோயாளியின் கதி என்ன?” என்றது ஃபேன்.

“எவ்வளவு மெதுவாகச் சுற்றினால் தூசி விழும்?”

“தெரியாது. மெதுவாகச் சுற்றியதே இல்லை.”

“சுற்றிப் பார்.”

ஃபேன் பயந்துகொண்டே வேகத்தைக் குறைத்தது. சுவரில் இருந்த, தூசியை அளக்கும் கருவியின் விளக்கு பச்சையாகவே எரிந்தது. இன்னும் குறைத்தது. பாதி வேகத்துக்கு வந்தபோதும் பச்சைதான். பாய்லரின் தீ தணிந்தது. புகைபோக்கியில் புகை நூலாக இளைத்தது.

அறை முதல்முறையாக அமைதியானது. அப்போதுதான் கருவியின் மெல்லிய குரல் கேட்டது: “இவ்வளவு போதும்.”

“இதை முன்பே சொல்லக் கூடாதா?” என்று ஃபேன் கோபப்பட்டது.

“தினமும் சொன்னேன். நீ போட்ட சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை.”