சோப்பு டப்பா

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஃபக்ருதீன் பாய் கடையில், மாதப்பன் ஒரு சோப்பு டப்பாவை வாங்கி, அது பேண்ட் பாக்கெட்டில் நுழைகிறதா என்று பார்த்தார்.

“தீப்பெட்டி, மெழுகுவத்தி, ஊசி நூல், பிளேடு, கட்டுத்துணி, விசில் கொடுங்க பாய். எல்லாம் இதுக்குள்ள அடங்கணும்.”

“காட்டுல வேட்டைக்கா?”

“இல்ல, நாளைக்கு அஞ்செட்டி பஸ்ஸுல போறன்.”

பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. “என் சம்சாரம் தில்ஷாத்தும் நாளைக்கு அதே பஸ்ஸுலதான் அவ அக்கா ஊட்டுக்குப் போறா. ஒரே ஒரு மஞ்சப்பையோட. ஆம்பள நீங்க இப்படிப் பயந்தா எப்படி?”

“வழியெல்லாம் காடு பாய். வண்டி நின்னுட்டா அடுத்த பஸ்ஸு மறுநாள்தான்.”

“டிரைவருன்னு ஒருத்தரு எதுக்கு இருக்காரு? அவர நம்பி ஏறுங்க, போதும்.”

மாதப்பன் எல்லாவற்றையும் டப்பாவுக்குள் அடுக்கி மூடினார். “எலுமிச்சம்பழம் நாலு கொடுங்க.”

“பஸ்ஸுல வாந்தி வேற வருமா?”

“சக்கரத்துக்கு வைக்க. நாளையிலேர்ந்து அந்த பஸ்ஸ ஓட்டப்போறதே நான்தான்.”

பாய் பழங்களைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பிறகு தில்ஷாத்துக்காக இன்னொரு சோப்பு டப்பாவை எடுத்தார்.