முத்துப் போட்ட முகம்

"தாயே, பானகம் கொண்டாந்திருக்கேன். செத்த குடிச்சுக்கிடுங்க."

நேற்றுவரை "ஏட்டி" என்று அதட்டிய மாமியார் நாச்சியார், மாடத்தியின் பாயருகே கைகூப்பி நின்றாள். மருமகளின் நெற்றியிலும் கன்னங்களிலும் அரிசிக் குருணைபோல் வெண்முத்துக்கள். "ஆத்தா இறங்கிட்டா!" என்று காலையில் முதலில் கூவியவளும் அவள்தான்.

வாசலில் கட்டிய வேப்பிலையின் நிழல் அறைக்குள் பச்சையாக அலைந்தது. சன்னலுக்கு அப்பால் மேற்கு மலை மேகத்தில் மிதந்தது. கோடைப் பகலின் கிறக்கத்தில், தானும் தரையைவிட்டுச் சற்று மேலே கிடப்பதாக மாடத்திக்குத் தோன்றியது.

வாசலுக்கு வெளியே ஒரு குரல் கனைத்தது. நாச்சியாரின் அண்ணன் வீரணன், வ. புதுப்பட்டியிலிருந்து வண்டி கட்டி வந்திருந்தார். பிள்ளையில்லாத மாடத்திக்கு மேல், அவள் கணவன் சீனிச்சாமிக்குத் தம் மகளை இரண்டாந்தாரமாகக் கொடுக்க அவர் பேசிவந்தார். மாமியார் இதுவரை மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"என்ன நாச்சியா, வெள்ளிக்கிழமை பரிசம் போட வாரீகளா?"

நாச்சியார் பாயை நோக்கிக் குனிந்தாள்.

"ஆத்தா, வேற என்ன வேணும்? வாய்திறந்து கேளுங்க, செய்யுதேன்."

மாடத்தியின் உதடுகள் அசைந்தன. எங்கோ அருவிக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் அந்தக் குரல் அவளுக்கே கேட்டது.

"இந்த வீட்டுக்கு இன்னொருத்தி வரக்கூடாது."

"தப்புத்தான் தாயே!" வீரணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என் பிள்ளைக்கு வேற இடம் பாத்துக்கிடுதேன்."

வண்டி கிளம்பியது. மாடத்தி கன்னத்தைத் தடவினாள். சூடில்லை, நீர் கோக்கவில்லை. நகம் பட்ட ஒரு முத்து, வெண்ணெய்த் துணுக்காய் விரலில் ஒட்டியது. கனவு கலைந்தது.

"அத்தை!" அவள் அழுதாள். "இது அம்மை இல்ல, வெறும் பரு. பேசினதும் ஆத்தா இல்ல, நான்தான். அவியளத் திரும்பக் கூப்பிடுங்க!"

நாச்சியார் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"கூவாதே ஏட்டி, வண்டி இன்னும் தெருமுக்கைத் தாண்டல! முகம் பூரா விளக்கெண்ணெயைப் பூசிட்டு அடுப்படியில வெந்தா, வேர்வைக்கண்ணு அடைச்சு பால்பரு வராம வேற என்ன வரும்? கூடப்பிறந்தவன்கிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதான் உன்னை ஆத்தாவாக்கினேன்."