தழும்பில்லாத முகம்

"படிச்சவன் முகத்தைப் பாருங்க. ஒரு தழும்பு இருக்கா?"

இஸ்பஹான் நகரத்திலிருந்து வந்த டாக்டர் கியூமர்ஸ், எங்கள் கிராமத்து மசூதி முற்றத்தில் நின்று தன் கன்னத்தைத் தட்டிக் காட்டினார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கன்னத்திலெல்லாம் காசளவு பள்ளம். மணல் ஈ கடித்து, ஒரு வருஷம் புண்ணாகி ஆறிய அடையாளம்.

அந்தப் புண்ணுக்குத்தான் அவர் தடுப்பு மருந்து தயாரித்துக்கொண்டிருந்தார். ஊசி கிடையாது, மூக்கில் இரண்டு சொட்டு. சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும்.

"ஒருமுறை வந்தவங்களுக்குப் புண் திரும்ப வராது. அதனால இதுவரைக்கும் வராத பெரியவங்க மட்டும் வாங்க."

மாஹ்ரோக் மூன்று வயது மகளை இழுத்துக்கொண்டு முன்னே வந்தாள். "இவளுக்கு விடுங்க டாக்டர். என் மூஞ்சிதான் போச்சு, இவ மூஞ்சியாவது தப்பிக்கட்டும்."

"குழந்தைகளுக்கு இப்ப கிடையாதும்மா. ஏழெட்டு வருஷம் ஆகும்."

"ஈ அதுவரைக்கும் காத்திருக்குமா? அப்ப எங்க வழக்கப்படியே செஞ்சுடறேன். அண்ணன் பையன் புண்ணுல ஊசியைத் தொட்டு இவ தொடையில கீறிட்டா, தழும்பு துணிக்குள்ள போயிடும்."

டாக்டர் எகிறினார். "பெத்த பிள்ளைக்கு நீயே நோயைக் கொடுப்பியா? நீயெல்லாம் ஒரு தாயா? எழுத்து வாசனையே இல்லாத கூட்டம்!"

மாஹ்ரோக் தலைகுனிந்தாள். குழந்தை அவள் கன்னத்துப் பள்ளத்தைத் தடவியது.

ஊர்த்தலைவர் ஹாஜி ஸஃபர் பேச்சை மாற்றினார். "பெரியவங்கள்ல சுத்தமான முகம் உங்களுது ஒண்ணுதான் டாக்டர். விருந்தாளி முதல்ல!"

"சேச்சே, எனக்கு வேண்டாம்."

"உங்களை விட்டுட்டு நாங்களா?"

"வேண்டாங்க, வேண்டாம்."

எங்கள் பக்கம் விருந்தாளி மூன்று தடவை மறுப்பது மரியாதை. யாரும் நிஜமென்று எடுத்துக்கொள்வதில்லை. சற்றுமுன் தேநீரைக்கூட அவர் அப்படி மறுத்துவிட்டுத்தான் இரண்டு கோப்பை குடித்தார்.

நாலு பேர் அன்பாகத் தோளைப் பிடித்தார்கள். ஹாஜி மருந்துக் குப்பியோடு மூக்கை நெருங்கினார்.

"ஐயோ, நிஜமாவே வேண்டாம்யா! எனக்குத்தான் ஏற்கெனவே வந்தாச்சே!"

"எங்கே?"

டாக்டரின் கை தானாகத் தொடைக்குப் போனது. "சின்ன வயசுல... எங்கம்மா கீறிவிட்டாங்க."

ஹாஜி குப்பியைக் கீழே இறக்கினார்.

மாஹ்ரோக் மெதுவாகக் கேட்டாள்: "அவங்க எதுவரைக்கும் படிச்சிருந்தாங்க, டாக்டர்?"