ஆறாவது தட்டு

தேவாலயப் புல்வெளியில் கோடை விழா வெயிலில் களைகட்டியிருக்கிறது. பழைய பீங்கான் தட்டுகளை மரப்பந்தால் அடித்து நொறுக்கும் விளையாட்டுக் கடையை வருஷாவருஷம் நடத்துகிறவன் ரோலண்ட். ஊருக்கெல்லாம் நல்லவன். ஒரு சீட்டுக்கு ஆறு பந்து. இன்று முதல் தடவையாக அவன் மனைவி மார்ஜரி சீட்டு வாங்கியிருக்கிறாள். வீட்டிலிருந்து கூடையில் கொண்டுவந்த ஐந்து நீலப்பூத் தட்டுகளை அவனிடம் நீட்டுகிறாள்.

"ஏய், இது நம்ம கல்யாணத் தட்டுடி!"

"ஆமா. ஆறாவதைத்தான் நீ உடைச்சிட்டியே. எடுத்து அடுக்கு."

சனம் சிரிக்கிறது. அந்தத் தட்டு உடைந்தது அவள் நெற்றியில். அவள் பனியில் வழுக்கி விழுந்து அடிபட்டதாகத்தான் ஊர் நம்புகிறது. முதல் பந்திலேயே நீலப்பூ தெறித்துச் சிதறுகிறது. அடுத்ததும், அதற்கடுத்ததும். பாதிரியார் கைதட்டுகிறார். கேக் விற்கும் பெண்கள் மேசையை விட்டு ஓடிவருகிறார்கள். கடைசித் தட்டின் சில்லு ரோலண்டின் காலடியில் சுழன்று அடங்குகிறது.

"அவ்வளவுதான், தட்டு தீந்துபோச்சு. பந்தைக் குடு," என்று அவன், தட்டுகள் அடுக்கியிருந்த காலிப் பலகைக்கு முன்னால் வந்து கை நீட்டுகிறான்.

மார்ஜரி தொப்பியைக் கழற்றிப் புல்லில் எறிகிறாள். புருவத்திலிருந்து உச்சிவரை ஓடும் தழும்பில் வெயில் விழுகிறது. சிரிப்பு நின்றுவிடுகிறது.

"எனக்கு இன்னும் ஒரு பந்து இருக்கு. அசையாம நில்லு," என்று கையை ஓங்குகிறாள். பாதிரியார் உட்பட ஒருவரும் அவளைத் தடுக்க வரவில்லை.