எண்பத்தேழாம் வருஷத்துச் சிவப்பு

"ஜன்னலச் சுரண்டு, கதவச் சுரண்டு, வேணும்னா என்னையே நிக்க வெச்சு சுரண்டு. இந்தச் செவுத்துல மட்டும் கைய வெக்கக் கூடாது."

தீனதயாளன் நடுக்கூடத்துச் சுவரை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். அகலமான முதுகுதான். இருந்தும் இரண்டு பக்கமும் எழுத்துகள் எட்டிப் பார்த்தன. 'இட ஒதுக்கீடு எங்கள் உரிமை. 1987.' ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம். மிளகாய்ப் பழச் சிவப்பு.

செந்தமிழ்ச்செல்வி பெயிண்டைச் சோதிக்கக் கையில் வைத்திருந்த மீட்டரை இறக்கினாள். அறுபது தாண்டியவர்களின் பழைய வீடுகளை இலவசமாகப் பழுது பார்த்துத் தரும் அறக்கட்டளையில் அவளுக்கு வேலை. அந்தக் காலத்துப் பெயிண்டில் காரீயம் கலந்திருக்கும். உரிந்து தூளாகித் தவழ்கிற குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போனால் மூளை வளர்ச்சியையே கெடுக்கும் என்று கள்ளக்குறிச்சியில் தெருத் தெருவாகச் சொல்லி அவள் தொண்டை கட்டியிருந்தது.

இந்த வீட்டுக்கு மனுப் போட்டது தீனதயாளனின் மகள் சுபஸ்ரீ. பேத்தி பிறந்து பதினோரு மாதம் ஆகிறது. கொரோனா புண்ணியத்தில் தாத்தா அவளைச் செல்போனில் பார்த்ததோடு சரி, ஒரு தடவை கூடத் தூக்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை திருநாவலூர் கோயிலில் காதுகுத்து. அறக்கட்டளை 'வீடு சுத்தம்' என்று எழுதிக் கொடுத்தால்தான் குழந்தையோடு வாசப்படி மிதிப்பேன், இல்லையென்றால் கோயிலிலிருந்தே சென்னைக்கு பஸ் ஏறிவிடுவேன் என்று சுபஸ்ரீ கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

சுவர் விவகாரம் வேறு. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடு பிடித்திருந்த நேரம் அது. எண்பத்தேழில் போராடியவர்களைத் தேடிப் பிடித்துப் பொன்னாடை போர்த்துவது என்று அன்றைக்குப் போராட்டத்தை நடத்திய சங்கம் முடிவு செய்திருந்தது. உடனே தீனதயாளனுக்குத் தன் வீரம் நினைவு வந்தது. வெள்ளையடித்ததைச் சுரண்டியபோது அடியிலிருந்து இந்தச் சரித்திரமும் வெளியே வந்ததாம். அதைப் படம் எடுக்கத்தான் சங்கச் செயலாளர் கொளஞ்சியப்பன் வந்து, செல்போனை நீட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அரசாங்கத்தை எதிர்த்து ஏன் சொந்த வீட்டுக்குள் எழுதினீர்கள் என்று செல்வி கேட்டுவிட்டாள்.

"வெளிய போலீஸ் தேடிக்கினு இருந்துச்சும்மா. எழுதற கை சும்மா இருக்குமா?"

உள்ளேயிருந்து டீ கொண்டுவந்த அவர் மனைவி தங்கமணிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அந்தக் காலத்துச் சிவப்பில்தான் ஈயம் மிகவும் ஜாஸ்தி என்று செல்வி எச்சரித்தாள். தீனதயாளனுக்கு அது பாராட்டாகக் கேட்டது. "பின்ன? மூணு கோட்டு எனாமல். என் செவப்புல இருக்கற ஈயம் இந்த ஜில்லாவுலயே எவன் செவுத்துலயும் இருக்காது. முப்பத்து நாலு வருஷம், ஒரு புள்ளி மங்கியிருக்கா பாரு."

"அண்ணன் எதையும் கம்மியா செய்ய மாட்டாரு" என்றார் கொளஞ்சியப்பன்.

செல்வி வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மலைமேல் இன்னொரு வீடு காத்திருந்தது. அதனால் பேச்சில் கொஞ்சம் இறங்கி வந்தாள். ஜன்னலையும் கதவையும் மட்டும் சுரண்டலாம்; சுவரைச் சுரண்ட வேண்டாம், எழுத்துக்கு மேலே கண்ணாடி அடித்துச் சுற்றிலும் அடைத்துவிடலாம், தூள் வெளியே வராது. நாளைக்கே ஆள் வரும், சனிக்கிழமைக்குள் வேலை முடியும், சுத்தம் என்று எழுதியும் தருவாள்.

தீனதயாளனின் முகம் மலர்ந்தது. ஞாயிறு பேத்தி, திங்கள் பொன்னாடை, நடுவில் கண்ணாடிக்குள் சரித்திரம். மீட்டர் வைத்துப் பார்த்து ஈயத்தின் அளவை மட்டும் எழுத வேண்டும் என்று செல்வி சொன்னதும், "இருக்கறதுலயே பெரிய நம்பரா போட்டுக்கோ" என்று தாராளமாக நகர்ந்து நின்றார்.

செல்வி மீட்டரைச் சுவரில் வைத்தாள். தட்டிப் பார்த்தாள். ஜன்னலில் வைத்தாள்; எண் எகிறியது. திரும்பி வந்து 'உரிமை'யில் வைத்தாள், 'ஒதுக்கீட்டில்' வைத்தாள், கடைசியாக '1987'இன் மேலும் வைத்தாள்.

"பூஜ்யம் காட்டுதுங்க."

"மெஷின் கெட்டுப்போயிருக்கும்" என்றார் கொளஞ்சியப்பன். "அண்ணன் செவப்புல ஈயம் இல்லாம போவுமா?"

"ஜன்னல்ல எகிறுது, இங்க காட்ட மாட்டேங்குது. அப்படித்தாங்க இருக்கணும். அந்தக் காலத்துப் பெயிண்டுன்னா கட்டாயம் காட்டும்." செல்வி மீட்டரைப் பெட்டிக்குள் வைத்தாள். "வேற மெஷின் சென்னையிலேர்ந்து வரணும். பத்து நாள் ஆவும். அதுவரைக்கும் சுத்தம்னு நான் எழுதித் தர முடியாதுங்க."

தங்கமணி செல்போனைக் கணவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் சுபஸ்ரீயின் மடியிலிருந்து பேத்தி, இரண்டே பல்லால் திரையைக் கடித்துக்கொண்டிருந்தாள். தாத்தாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள்.

தீனதயாளன் குழந்தையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கொளஞ்சியப்பனை மட்டும் பார்க்கவில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு, சுத்தம்னு எழுதும்மா" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "உணர்ச்சி எண்பத்தேழாம் வருஷத்துது. பெயிண்டுதான் போன மாசத்துது."