பச்சை காட்டிய காப்பு

பால்குடி மறக்கும் பக்குவம் வந்ததும் பச்சையாக ஒளிரும் காப்பு, அன்று காலை நிறைமதியின் பிஞ்சுக் கையில் ஒளிர்ந்தது.

அவளுடைய அப்பா கபிலன் துள்ளினான். "இனிமே நீ நிம்மதியா தூங்கலாம், பூங்கோதை!"

பூங்கோதை மகளின் சட்டைக் கையை இழுத்துக் காப்பை மறைத்தாள்.

"மெஷினுக்கு என்னங்க தெரியும்? இன்னும் பச்சக் குழந்த இவ" என்று மடியில் போட்டுக்கொண்டாள்.

நிறைமதி ஒரு வாய் குடித்தாள். அம்மாவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். மடியைவிட்டு இறங்கி ஓடி, அப்பாவின் தட்டிலிருந்த இட்லியைப் பிட்டாள்.

பூங்கோதையின் கண்கள் நிறைந்துவிட்டன. அதைப் பார்த்ததும் நிறைமதி திரும்பி ஓடிவந்தாள். கையிலிருந்த இட்லியை நீட்டி, அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"அயாத, அம்மா. ஆ காட்டு."

பூங்கோதை அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.