தகரத்தில் ஒரு பிடி ஜல்லி

உடுப்பியில் மழைக்கு முந்தைய மதியம். என் கூரைச் சாமான் கடை வாசலில் சாய்த்து வைத்த தகரங்களில் பட்டு வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. ஓட்டில் எனக்கு லாபம் கூடுதல். ஆகவே கூரைக்குத் தகரம் கேட்டு வருபவர்களுக்கு மழையையே இறக்கிக் காட்டுவது என் வழக்கம். ஒரு பிடி ஜல்லியைத் தகரத்தின் மேல் வீசுகிறேன். தெருவே திரும்பிப் பார்க்கிறது. "இதுதாம்மா ஆடி மழை. மாசம் முழுக்க உங்க தலைமேல செண்டை மேளம்தான்." மனைவியோடு வந்திருக்கும் வாமன பங்கேரா பதறிப்போய் ஓட்டின் பக்கம் நகர்கிறார். "புது வீட்டுக்கு ஓடே குடுங்க, அண்ணே. குழந்தை போனதுலேருந்து இவளுக்குத் தூக்கமே இல்ல. சத்தம் ஆகாது." "ஓட்டுக்கு அடியில மழை பெய்யறதே தெரியாது" என்று நானும் சும்மா இராமல் அளக்கிறேன். அவர் மனைவி ஜலஜா தகரத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. தகரம் இன்னும் லேசாக அதிர்ந்துகொண்டிருக்கிறது. "தகரமே குடுங்கண்ணா. இப்ப இருக்கற ஓட்டு வீட்டுல எல்லாம் கேக்குது. இவர் தலைகாணியக் கடிச்சுக்கிட்டு அழறதுகூட." பங்கேரா குனிந்து, சிதறிக் கிடக்கும் ஜல்லியை அள்ளி, தானே தகரத்தில் வீசுகிறார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அழுது முடித்துவிடப் பார்க்கிறார்.